ஐம்பது நாள் கணக்கு: பருத்திக் காய்க்குள் இழை வளரும் விதம்

சாயப்பட்டறையிலிருந்து வந்த அடர்நீலத் துணியில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால், பழி ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கும். பனியன் கம்பெனி சாயக்காரரைக் கேட்கும். சாயக்காரர் நூலைக் காட்டுவார், நூற்பாலை பேலைக் காட்டும், ஜின்னிங் பேக்டரி விவசாயியைக் காட்டும், விவசாயி மழையைச் சொல்வார். இவர்கள் யாரும் விசாரிக்காத ஒன்று செடி. அந்தப் புள்ளிகளில் பெரும்பாலானவை வளர்ச்சி முடியாத இழைகளின் முடிச்சுகள். அவை வளராமல் நின்றது ஒரு காய்க்குள், பூ மலர்ந்த நாளிலிருந்து ஏறக்குறைய ஐம்பது நாளுக்குள். அந்த ஐம்பது நாளில் செடி எந்த நாளில் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால், எந்தக் குறையைத் தோட்டத்திலேயே தடுக்க முடியும், எதை எவ்வளவு செலவழித்தாலும் மில்லில் சரிசெய்ய முடியாது என்பது தெளிவாகும். அவிநாசியிலும் மூலனூரிலும் ஏலத்துக்குப் பருத்தி கொண்டுவரும் விவசாயிக்காகவும், மூட்டை மூட்டையாக ஒசைரி நூல் வாங்கும் நிட்டிங் உரிமையாளருக்காகவும் இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது. இருவருக்கும் சரக்கு ஒன்றே.

முதலில் இழை என்றால் என்ன என்பதில் தெளிவு வேண்டும். ஒரு பருத்தி இழை ஒரே ஒரு செல். சணலைப் போலத் தண்டிலிருந்து உரிக்கும் நாரும் அல்ல, தேங்காய் நாரைப் போலப் பல செல்கள் ஒட்டிய கட்டும் அல்ல. பூ மலரும் நாளை ஒட்டி, சூலகத்துக்குள் இருக்கும் இளம் விதையின் மேல்தோல் செல்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று வெளிப்பக்கம் புடைத்து நீளத் தொடங்குகிறது. ஒரு விதையின் மேல் இப்படிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செல்கள் நீளும். முடிவில் அதன் நீளம் 25 முதல் 35 மில்லிமீட்டர். தடிமனோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். அகலத்தைப் போல ஆயிரம், இரண்டாயிரம் மடங்கு நீளமுள்ள செல் தாவர உலகிலேயே அரிது. பாலியெஸ்டர் இழையின் நீளத்தை ஆலையில் வெட்டும் கத்தி தீர்மானிக்கிறது. வேண்டுமென்றால் நாளைக்கே மாற்றலாம். பருத்தி இழையின் நீளத்தை ஓர் உயிருள்ள செல்லுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் தீர்மானிக்கிறது. அந்த அழுத்தம் இறங்கிய பிறகு உலகத்தில் எந்த இயந்திரமும் அந்த இழையை ஒரு மில்லிமீட்டர்கூட நீட்ட முடியாது.

கணக்கு பூவில் தொடங்குகிறது. சப்பை கட்டி ஏறக்குறைய மூன்று வாரத்தில் பூ மலரும். நாம் பரவலாகப் பயிரிடும் அமெரிக்கப் பருத்தி வகையில் காலையில் விரியும்போது பூ வெளிர்நிறத்தில் இருக்கும். மறுநாள் இளஞ்சிவப்பாகி வாடும். ஆகவே வெள்ளைப் பூ என்றால் அது இன்று மலர்ந்தது என்று எந்தக் கருவியும் இல்லாமல் சொல்லிவிடலாம். மகரந்தம் சூலகமுடியில் விழ வேண்டியது அந்த ஒரு பகலில்தான். ஒரு காயில் 3 முதல் 5 அறைகள், ஒவ்வொன்றிலும் ஆறேழு விதைகள். ஒவ்வொரு விதைக்கும் தனித்தனியே ஒரு மகரந்தத் துகள் வேண்டும். அது கிடைக்காத சூல் சிறிது நாள் வளர்ந்து சூம்பிப்போகிறது. அதன் மேல் முளைத்த இழையும் குட்டையாக நின்றுவிடுகிறது. ஜின்னிங்கில் விதையாகப் பிரியாமல் பஞ்சோடு பஞ்சாகப் போய், நூலில் கறுப்புத் துணுக்காகவும் முடிச்சாகவும் வெளிப்படுவது இந்தச் சூம்பல்தான். காலை மழையில் நனைந்த மகரந்தத் துகள் நீரை உறிஞ்சி வெடித்துவிடும். கடும் வெயிலில் மகரந்தம் உயிரிழக்கும். இந்த இரண்டையும் நாம் தடுக்க முடியாது. ஆனால் விதைப்புக் காலத்தை ஒழுங்காகப் பிடித்தால், பூக்கும் வாரங்கள் அடைமழையிலும் அக்கினி வெயிலிலும் சிக்காமல் பார்த்துக்கொள்ளலாம். கொங்குப் பகுதியில் ஆவணி, புரட்டாசியில் விதைக்கும் குளிர்காலப் பாசனப் பருத்திக்குப் பருவம் தவறக்கூடாது என்று வேளாண்மைத் துறை வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். மகரந்தக் குழல் நீள்வதற்குப் போரான் சத்து தேவை. மண் ஆய்வில் அது குறைவு என்று வந்தால் பூக்கும் முன்பே ஈடுசெய்ய வேண்டும். பூ விரிந்திருக்கும் காலை வேளையில் பூச்சிமருந்து தெளிப்பதையும் விட வேண்டும். பருத்தி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் என்றாலும் தேனீ வந்த பூவில் விதை நிறைவாகப் பிடிக்கிறது.

இந்த இடத்தில் ஒரு சந்தேகம் எழும். பக்கத்துத் தோட்டத்தில் மட்ட ரகம் நின்று, அதன் மகரந்தத்தைத் தேனீ கொண்டுவந்தால் என் பஞ்சும் மட்டமாகிவிடாதா? ஆகாது. இழை வளர்வது விதைத்தோலின் மேல். விதைத்தோல் முழுக்கத் தாய்ச்செடியின் உடம்பு. மகரந்தத்தின் பங்கு உள்ளே இருக்கும் கருவுக்குத்தான் போகிறது. அதனால் இந்த ஆண்டுப் பஞ்சு உங்கள் செடியின் குணத்திலேயே இருக்கும். கலப்பு வெளிப்படுவது அந்த விதையை அடுத்த ஆண்டு விதைக்கும்போது. வீரிய ஒட்டுப் பருத்தியில் எடுத்த கொட்டையை மறுபடி விதைக்கக் கூடாது என்பதற்கும் இதே உண்மைதான் அடிப்படை. ஒட்டுச் செடி ஒவ்வொன்றும் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் அதன் விதையிலிருந்து வரும் அடுத்த தலைமுறை ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இருக்கும். ஒரு செடியில் 26 மில்லிமீட்டர், பக்கத்துச் செடியில் 31 என்று இழை கலந்து வந்தால் நூற்பாலையில் அதற்கு இடமில்லை. 1970-ல் சூரத்தில் முதல் வணிக ஒட்டுப் பருத்தி வெளிவந்த நாளிலிருந்து இந்திய விவசாயி ஆண்டுதோறும் விதை வாங்க வேண்டிய நிலைக்கு வந்தது இதனால்தான். அது பெரிய செலவு, நியாயமான கவலை. அந்தச் செலவு வேண்டாம் என்பவருக்குத் தன் விதையையே மீண்டும் விதைக்கத் தகுந்த நிலையான ரகங்கள் இருக்கின்றன. ஆனால் ஒட்டு விதையைச் சேமித்துப் பணத்தை மிச்சப்படுத்தலாம் என்று நினைப்பது ஏலத்தில் இரட்டிப்பாக இழப்பதில் முடியும்.

கருவுற்ற பிறகு முதல் மூன்று வாரம் நீளும் காலம். உச்ச நாட்களில் ஒரே நாளில் இரண்டு மில்லிமீட்டர் வரை இழை நீளும். செல் தனக்குள் பொட்டாசியத்தையும் சர்க்கரையையும் சேர்த்து வைத்துக்கொள்கிறது. உப்புக்கல் ஈரத்தை இழுப்பதுபோல இவை நீரை உள்ளே இழுக்கின்றன. உள்ளே புகுந்த நீர் சுவரைத் தள்ள, இன்னும் மெல்லியதாக இருக்கும் சுவர் இழுபட்டு நீள்கிறது. சைக்கிள் டியூபில் காற்றடிக்கும் கணக்குதான். டியூபில் காற்று, இங்கே நீர். இதில் செடி செய்யும் நுட்பமான ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு இழைக்கும் அடியில், விதைத்தோலோடு அதை இணைக்கும் நுண்ணிய வாசல்கள் உண்டு. நீட்சி வேகமெடுக்கும் சில நாட்கள் மட்டும் அந்த வாசல்கள் அடைபடுகின்றன. உள்ளே சேர்ந்த அழுத்தம் பின்னால் கசிந்து வீணாகாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. வாசல் மூடியிருக்கும் காலம் நீண்ட ரகங்களில் இழை நீளமாக வருவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விவசாயி இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு: பூக்கும் காலத்தில் சாம்பல் சத்து (பொட்டாஷ்) குறையக்கூடாது, அந்த மூன்று வாரத்தில் செடி தண்ணீருக்கு ஏங்கக்கூடாது. பொட்டாஷை அடியுரமாகக் கொஞ்சம் போட்டு மறந்துவிடுவது பலரின் வழக்கம். ஆனால் பருத்திக்கு அது மிகுதியாகத் தேவைப்படுவது காய் பிடித்த பிறகு. அந்த நேரத்தில் வேர் எடுக்கும் அளவு போதாமல், செடி தன் இலையிலிருந்தே பொட்டாசியத்தைப் பிடுங்கிக் காய்க்குக் கொடுக்கும். இலை ஓரம் கருகும். மேலுரமாகப் பிரித்துப் போடுவதும், பூக்கும்போதும் காய் பிடிக்கும்போதும் இலைவழி கொடுப்பதும் இதற்காகவே. தண்ணீரைப் பொறுத்தவரை, பல்லடம், காங்கயம், தாராபுரம் பக்கம் பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்காலை நம்பியிருப்பவர்களுக்கு மண்டலத்துக்குத் தண்ணீர் திறக்கும் நாள் தங்கள் கையில் இல்லை. அதனால்தான் கிணற்றில் இருக்கும் கொஞ்ச நீரைச் செடி சிறிதாக இருக்கும்போது செலவழிக்காமல், முதல் வெள்ளைப் பூவிலிருந்து அடுத்த ஏழெட்டு வாரத்துக்கு ஒதுக்கி வைப்பது புத்தி. சொட்டுநீர் இருந்தால் அந்த வாரங்களில் நாள் தவறாமல் கொஞ்சமாகக் கொடுக்கலாம்.

நீரும் உணவும் காய்க்கு எந்த வழியாக வந்து சேர்கின்றன என்பதைப் பார்க்காமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது. செடிக்குள் இரண்டு பாதைகள் உண்டு. வேர் எடுத்த நீரையும் உப்புகளையும் மேலே ஏற்றுவது சைலம். அதை ஏற்றும் விசை வேரில் பம்பு வைத்தாற்போல வருவதில்லை; இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகும்போது மேலிருந்து உறிஞ்சும் இழுவை அது. இலை சமைத்த சர்க்கரையை வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோவது புளோயம். இலைப்பக்கம் சர்க்கரை ஏறுவதால் அழுத்தம் கூடுகிறது. காய்ப்பக்கம் அது இறங்குவதால் குறைகிறது. சாறு தானாக ஓடுகிறது, மணிக்கு ஒரு மீட்டர் வரைகூட. பருத்திக் காய் சற்று வளர்ந்த பிறகு அதற்கு வேண்டிய தண்ணீரில் பெரும்பகுதி இந்தச் சர்க்கரைச் சாற்றோடு சேர்ந்தே வருகிறது. ஆகவே நிலத்தில் ஈரம் இருந்தும் இலை வேலை செய்யாவிட்டால் காய்க்குத் தண்ணீரும் குறையும், உணவும் குறையும். எந்த இலை எந்தக் காய்க்கு ஊட்டுகிறது என்பதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது: காயின் காம்பை ஒட்டி நிற்கும் இலைதான் அதற்கு முதல் தாய். ஆனால் அந்த இலை தன் முழுத் திறனில் இருப்பது விரிந்த மூன்றாவது வாரத்தில். காய்க்கு மிக அதிகமாகப் பசிக்கும்போது அதன் வேகம் இறங்கத் தொடங்கியிருக்கும். மீதியைப் பக்கத்து இலைகளும் தண்டின் பெரிய இலைகளும் ஈடுசெய்ய வேண்டும். காய் நிறையும் காலத்தில் செடியின் நடு இலைகள் பச்சையாக, வெயில் படும்படி இருக்க வேண்டியதன் காரணம் இது. இலை சிவந்துபோனால் பலர் அதை வயதின் அடையாளம் என்று விட்டுவிடுகிறார்கள். பல நேரங்களில் அது மக்னீசியம் குறைவு. மக்னீசியம் இல்லாமல் பச்சையமும் இல்லை, சர்க்கரையை இலையிலிருந்து ஏற்றி அனுப்புவதும் தடைப்படும். மக்னீசியம் சல்பேட் தெளிப்பு விலை குறைந்த வைத்தியம்.

தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலை நிறைய வரும், சர்க்கரையும் நிறைய வரும், காய் நன்றாக நிறையும் என்று ஒரு வாதம் உண்டு. இலை வரும் என்பது சரி. ஆனால் புதிதாக வளரும் நுனியும் சர்க்கரையைத் தின்னும் வாய்தான். அதோடு மேல் இலை அடர்ந்தால் கீழ் இலைக்கு வெயில் போகாது. கீழே இருக்கும் முதல் காய்களோ செடியிலேயே சிறந்தவை. பருத்தியில் தண்டின் மேல்நோக்கி ஏறக்குறைய 3 நாளுக்கு ஒரு கிளையாகவும், ஒரே கிளையில் பக்கவாட்டில் 6 நாளுக்கு ஒன்றாகவும் பூ மலர்ந்து போகும். தண்டை ஒட்டிய முதல் இடத்துக் காய்களே விளைச்சலின் பெரும்பங்கு. இழையும் அவற்றில்தான் முதிர்ச்சியானது. அந்தக் காய்களை நிழலில் பட்டினி போட்டு, நுனியில் ஐப்பசி மழையை நம்பிப் புதுப் பூ விடச் செய்வது நட்டக் கணக்கு. நுனி கிள்ளச் சொல்வதும் இதே காரணத்தால். ரகங்களில் பதினைந்தாவது கணுவுக்கு மேலும், ஒட்டுகளில் இருபதாவது கணுவுக்கு மேலும் கிள்ளிவிட்டால் நுனிக்குப் போன சாறு காய்க்குத் திரும்பும். சப்பையும் பிஞ்சும் உதிர்வதைக் கண்டு கலங்கி, உடனே என்.ஏ.ஏ. என்ற வளர்ச்சி ஊக்கியை வாங்கித் தெளிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டிய சப்பையில் பாதிக்கும் மேல் உதிர்வது பருத்திக்கு இயல்பு. தன்னால் ஊட்ட முடிந்த காய்களை மட்டும் செடி வைத்துக்கொள்கிறது. வளர்ச்சி ஊக்கி உதிர்வைத் தள்ளிப்போடும், சர்க்கரையை உண்டாக்காது. உணவில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் காய் தராசில் ஏறும், சாயத்தில் தோற்கும். ஆகவே தெளிப்பு சத்தோடும் நீரோடும் சேர்ந்ததாக இருக்க வேண்டும்.

இதே புளோயம் பாதையில்தான் அசுவினியும் வெள்ளை ஈயும் கொள்ளையடிக்கின்றன. அவை இலையைக் கடித்துத் தின்பதில்லை; மெல்லிய ஊசி போன்ற வாயைச் சாற்றுக்குழாயில் செருகி, அழுத்தத்தில் தானாக வரும் சாற்றைக் குடிக்கின்றன. அந்தச் சாற்றில் அவற்றுக்கு வேண்டிய புரதச்சத்து மிகக் குறைவு, சர்க்கரையோ மிக அதிகம். அதனால் ஏராளமாகக் குடித்து, மிஞ்சிய சர்க்கரையைத் துளித்துளியாக வெளியேற்றுகின்றன. காய் வெடிக்கும் முன் இந்தத் துளி இலையில் விழுந்தால் கரும்பூசணம் படரும். வெடித்த பிறகு பஞ்சில் விழுந்தால் பிசுக்கு. பிசுக்குப் பிடித்த பஞ்சு கார்டிங் உருளையில் சுற்றிக்கொள்கிறது, நூல் அறுகிறது, மெஷினை நிறுத்திக் கழுவ வேண்டியிருக்கிறது. கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிப்பது கடினம் என்பதால் அந்த ஊருக்கே கெட்ட பெயர் வரும். பூச்சியைப் பூக்கும் காலத்தில் கட்டுப்படுத்தியவர்கள் முதல் வெடிப்புக்குப் பிறகு தோட்டத்தைக் கவனிக்காமல் விடுவது பொதுவான தவறு. பஞ்சு திறந்திருக்கும் வாரங்களில்தான் இலையின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் மிக அவசியம்.

பூ மலர்ந்து பதினாறு, பதினேழு நாள் ஆனதும் செல் வேறொரு வேலையைத் தொடங்குகிறது. நீட்சி மெல்ல அடங்க, சுவரின் உட்பக்கம் செல்லுலோஸ் படலம் படலமாக ஏறுகிறது. இது நாற்பதாவது நாளையும் தாண்டிப் போகும். இரவு குளிர்ந்தால் மெதுவாகும், காய் முதிர இன்னும் நாளெடுக்கும். முதிர்ந்த இழையின் எடையில் 90 சதவீதத்துக்கும் மேல் செல்லுலோஸ். அதாவது கொட்டை நீக்கிய பஞ்சின் எடை பெரும்பாலும் இந்த மூன்று நான்கு வாரச் சேமிப்பு. சாயக்காரர் சாயம் ஏற்றுவதும் அதே செல்லுலோஸில்தான். ரியாக்டிவ் சாயம் பிடித்துக்கொள்ளும் கொக்கிகள் அந்த மூலக்கூறில் இருக்கின்றன. சுவர் ஏறாமலே நின்றுபோன இழை தட்டையாகச் சுருண்டு, மற்றவற்றோடு சிக்கி முடிச்சாகிறது. அதில் சாயம் தங்கப் போதிய பொருள் இல்லை; தங்கினாலும் மெல்லிய சுவரில் நிறம் வெளிறித் தெரியும். முதலில் சொன்ன வெள்ளைப் புள்ளியின் பிறப்பிடம் இதுதான். சுவரின் தடிமனை, இழையின் மென்மையோடு சேர்த்து, மைக்ரோனேர் என்ற எண்ணில் மில்காரர்கள் பார்க்கிறார்கள். 3.5-க்குக் கீழே போனால் முதிராத இழை என்ற சந்தேகம் வரும், 4.9-க்கு மேலே போனால் முரடு. இரண்டு எல்லைக்குள் இருந்தாலே போதும் என்றும் இருந்துவிட முடியாது. 3.6 உள்ள பேலில் நூற்றதையும் 4.5 உள்ள பேலில் நூற்றதையும் ஒரே நிட்டிங் மெஷினில் ஓட்டினால், கிரே துணியில் ஒன்றும் தெரியாது. சாயம் ஏறிய பிறகு பட்டை பட்டையாக ஷேடு விழும். நூல் லாட்டைக் கலக்காதீர்கள் என்று திருப்பூரில் எல்லோரும் சொல்லும் விதிக்குச் செடியில் இருக்கும் காரணம் இந்தச் சுவர்தான்.

விவசாயிக்கு விலை எடைக்குத்தானே கிடைக்கிறது, தரத்தைப் பற்றி அவர் ஏன் கவலைப்பட வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. ஏலத்தில் மைக்ரோனேர் பார்த்து விலை சொல்வதில்லை. நிறத்தையும் தூசியையும் கையில் பிடித்துப் பார்த்த மதிப்பையும் வைத்தே பேசுகிறார்கள். இதை மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் மாறும்வரைகூட விவசாயிக்கு நட்டமில்லை. சுவர் நன்றாக ஏறிய காய்தான் எடை நிற்கும் காய். இந்த ஒரு குணத்தில் தராசும் சாயத்தொட்டியும் ஒரே பக்கம் நிற்கின்றன. கடைசிக் காய்களுக்கு ஒரு எளிய அளவுகோல் சொல்கிறேன். தண்டை ஒட்டிய முதல் இடத்தில் இன்று மலர்ந்திருக்கும் மிக உயரமான வெள்ளைப் பூவைப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேல் எத்தனை கணு இருக்கிறது என்று எண்ணுங்கள். எண்ணிக்கை ஐந்துக்கு வந்துவிட்டால் காய்கள் செடியின் உணவு முழுவதையும் எடுத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டன என்று பொருள். அதற்குப் பிறகு வரும் பூக்களை நம்பிக் கூடுதலாகத் தழைச்சத்தும் தண்ணீரும் கொடுப்பது பெரும்பாலும் வெள்ளைப் புள்ளிக்குத்தான் போய்ச்சேரும். அந்தக் காய்கள் வெடித்தால் தனியாக எடுங்கள்.

காய் காய்ந்து, அறைகளின் சேர்க்கை பிளந்து வெடிக்கும்போது இழைக்குள் இருந்த உயிர்ச்சாறு வற்றுகிறது. உள்ளே வெற்றிடமான குழல் அமுங்கி, உருளையாக இருந்த இழை நாடா போலாகித் தன்னைத்தானே முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்குதான் ஒரு இழை இன்னொன்றைப் பற்றிக்கொள்ள உதவுகிறது. அது இல்லாமல் நூற்பு இல்லை. சுவர் மெலிந்த இழையில் இந்த ஒழுங்கான முறுக்கும் வராது. ஆகவே முழுதாக வெடித்து மலர்ந்த காயை மட்டும் எடுக்க வேண்டும். பாதி திறந்ததைப் பிய்த்தெடுத்து வெயிலில் உலர்த்தினால் ஈரம் போகும், முதிர்ச்சி வராது. காலையில் பத்து, பதினோரு மணிக்குள் எடுத்தால் சருகு நொறுங்கிப் பஞ்சில் ஒட்டாது. எடுத்ததை நிழலில் பரப்பிக் காயவைக்க வேண்டும். கறைபட்டதையும் பூச்சி அடித்ததையும் கொட்டு ரகமாகத் தனியே பிரிக்க வேண்டும். பத்து கிலோ கொட்டு கலந்தால் நூறு கிலோ நல்ல பருத்தியும் கொட்டு விலைக்குப் போகும். உரச்சாக்கில் பருத்தியைக் கட்டக் கூடாது. சாக்கிலிருந்து பிரியும் பிளாஸ்டிக் நார் நூலுக்குள் போய், சாயமே ஏற்காமல் துணியில் கோடாக நிற்கும். செடி ஐம்பது நாளில் செய்ததை ஐந்து ரூபாய்ச் சாக்கு கெடுக்க விடுவது பெரிய அநியாயம். பழைய வேட்டி, பருத்திப் படுதா போதும்.

எல்லாவற்றுக்கும் விதைதான் காரணம், பராமரிப்பு இரண்டாம்பட்சம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதில் பாதி உண்மை, அதை மறைக்கக் கூடாது. நீளத்தின் உச்சவரம்பை ரகம் தீர்மானிக்கிறது. கோவில்பட்டிக் கரிசலின் கருங்கண்ணிக்கு எவ்வளவு பொட்டாஷ் போட்டாலும் அது சுவின் ஆகாது. கோயம்புத்தூரில் உருவான எம்.சி.யு. 5 ரகமும், 1974-ல் வெளிவந்த சுவினும் நீள இழைக்குப் பெயர் பெற்றது அவற்றின் பிறப்பில் இருந்த குணத்தால். ஆனால் அந்த உச்சவரம்பைத் தொடுவதா, இரண்டு மில்லிமீட்டர் குறைவதா என்பது முதல் மூன்று வாரத்தின் நீரிலும் சத்திலும் இருக்கிறது. சுவர்த் தடிமனில் ரகத்தைவிடத் தட்பவெப்பமும் பராமரிப்பும் கூடுதலாகப் பேசும். ஆகவே ரகத்தைத் தேர்ந்தெடுப்பதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார். இன்னொரு தரப்பு, கோம்டு நூலில் இதெல்லாம் சரியாகிவிடும் என்கிறது. கோம்பிங் குட்டை இழையையும் முடிச்சையும் நீக்குகிறது, பஞ்சில் ஏழில் ஒரு பங்கு வரை கழிவாகவும் போகிறது. அந்தக் கழிவின் விலையை நூல் வாங்குபவர் கொடுக்கிறார். மிஞ்சிய இழையின் சுவரை அது தடிமனாக்குவதில்லை, பேலுக்குப் பேல் இருக்கும் வேறுபாட்டையும் நீக்குவதில்லை.

திருப்பூரில் ஓடும் பஞ்சில் பெரும்பகுதி குஜராத், மராட்டியம், தெலங்கானாவிலிருந்து வருகிறது, இங்கே செடியைப் பற்றிப் பேசி என்ன பயன் என்பது மூன்றாவது மறுப்பு. செடி எங்கே நின்றாலும் காய்க்குள் நடக்கும் வேலை ஒன்றுதான். மழை தாமதித்த ஆண்டில், பூ தள்ளிப்போய், மார்கழிக் குளிரில் சுவர் ஏறிய பஞ்சு தை, மாசியில் பேலாக வரும் என்று தெரிந்த நூல் வாங்குபவர், அந்த மாதங்களில் அடர்நிற ஆர்டருக்கு நூல் எடுக்கும்போது எச்.வி.ஐ. என்ற இழைச் சோதனை அறிக்கையை வாங்கிப் பார்ப்பார். மைக்ரோனேரோடு முதிர்ச்சி எண்ணையும் கேட்பார். குறைந்த மைக்ரோனேர் என்பது இயல்பிலேயே மெல்லிய நல்ல ரகமாகவும் இருக்கலாம், முதிராத முரட்டு ரகமாகவும் இருக்கலாம். முதிர்ச்சி எண்தான் இரண்டையும் பிரித்துக் காட்டும். சந்தேகம் இருந்தால் பஞ்சை 18 சதவீதக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சோதனை பழையது, நம்பகமானது. முதிர்ந்தது கம்பிபோல உருண்டு நிற்கும், முதிராதது நாடாவாகவே கிடக்கும். கோயம்புத்தூரில் 1956-ல் தொடங்கிய சிட்ரா போன்ற ஆய்வகங்களில் இழைச் சோதனை செய்து கொள்ளலாம்.

நம் ஊருக்கே உரிய ஒரு விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. சாயத்தை இழைக்குள் தள்ளுவதற்குத் தொட்டியில் போட்ட உப்பு, பல ஆண்டுகள் சுத்திகரிக்காமல் நொய்யலில் போனது. ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிக் கரையோர மண்ணையும் கிணறுகளையும் கெடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகே கழிவுநீர் வெளியேறாத முறை உறுதிப்பட்டது. இழை நீள்வதற்கு உதவும் அதே விதி இங்கே செடிக்கு எதிராகத் திரும்புகிறது: மண்ணில் உப்பு மிகுந்தால் நீர் வேருக்குள் வர மறுக்கும், சோடியம் பொட்டாசியத்தின் இடத்தைப் பிடிக்கும். பருத்தி மற்றப் பயிர்களைவிட உப்பைத் தாங்கும் என்பது உண்மை, ஆனால் முளைக்கும்போதும் நாற்றுப் பருவத்திலும் அல்ல. நொய்யல் பாசனப் பகுதியில் பருத்தி வைப்பவர்கள் கிணற்று நீரையும் மண்ணையும் ஆய்வுக்குக் கொடுத்துவிட்டு விதைக்க வேண்டும். முதல் தண்ணீரை மழையோ நல்ல நீரோ பார்த்துக்கொள்ளும்படி விதைப்பை அமைத்து, பொட்டாஷைச் சற்றுக் கூடுதலாகத் திட்டமிட வேண்டும்.

வரும் பருவத்தில் ஒரு வேலை செய்யுங்கள். முதல் வாரத்தில் மலரும் வெள்ளைப் பூக்களில் இருபதுக்கும், ஆறு வாரம் கழித்து மலர்வதில் இருபதுக்கும் காம்பில் நூல் கட்டி, சிறு அட்டையில் தேதி எழுதித் தொங்கவிடுங்கள். காய் வெடித்ததும் நாளை எண்ணுங்கள், இரண்டையும் தனித்தனிப் பையில் எடுத்து எடை பாருங்கள், பஞ்சைச் சோதனைக்குக் கொடுங்கள். நூல் வாங்குபவர்கள், தாங்கள் அறிந்த ஒரு விவசாயியிடம் இதைக் கேட்டு, சோதனைக் கட்டணத்தைத் தாங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டு பைக்கும் இடையில் வரும் வித்தியாசத்தை எழுதி, ஏலக்கூடத்துக்கும் நூல் கடைக்கும் கையோடு எடுத்துப் போங்கள்.